இரண்டு மின்சார எஸ்யூவிகளில் எதை எடுப்பது? முதல்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பட்டியலில் ஏழெட்டு வண்டிகள் இருக்கும்வரை வேலை சுலபம். இதில் பின்சீட் சின்னது, அது கைக்கு எட்டாத விலை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகலாம். கடைசியில் இரண்டு மிஞ்சும்போதுதான் தூக்கம் கெடுகிறது. இரண்டும் நல்ல வண்டிகள். ஒன்றில் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், முப்பது கிலோமீட்டர் கூடுதல், இன்னொன்றில் திரை பெரியது. நண்பர் ஒன்றைச் சொல்வார், அண்ணன் இன்னொன்றைச் சொல்வார்.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட பலரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு உறுதியாகும் விஷயம் ஒன்றுதான். இரண்டு வண்டிகளையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் விடை வராது. ஒவ்வொன்றையும் உங்கள் ஓட்டத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஜோடியில் உங்களுக்கு ஒன்றும், பக்கத்து வீட்டுக்காரருக்கு மற்றதும் சரியாக அமையலாம். வண்டி இரவில் நிற்கும் இடமும் அடிக்கடி போகும் சாலையும் அதை முடிவு செய்துவிடும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு வாரம் எழுதுங்கள்

இப்போது ஓட்டும் வண்டியின் மீட்டரைத் தினமும் இரவில் பார்த்து, அன்று ஓடிய கிலோமீட்டரை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஏழு நாள் போதும். அப்புறம் கடந்த ஒரு வருடத்தை நினைவுபடுத்தி, ஒரே நாளில் அதிக தூரம் ஓட்டிய பயணங்கள் எத்தனை, எவ்வளவு தூரம் என்றும் எழுதுங்கள்.

உங்களிடம் இப்போது இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சாதாரண நாள், மற்றது கடினமான நாள். பலருக்குச் சாதாரண நாள் அறுபது கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. அவ்வளவு தூரத்துக்கு இன்று விற்கும் எந்த மின்சார எஸ்யூவியும் அலட்டிக்கொள்ளாது. கடினமான நாளில்தான் வண்டிக்கு வண்டி வித்தியாசம் தெரியும். அந்த நாள் வருடத்தில் நான்கு முறை வருகிறதா, மாதத்தில் நான்கு முறை வருகிறதா என்பதைப் பொறுத்து அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். வருடத்துக்கு நான்கு முறைதான் என்றால், அந்த நான்கு நாளுக்காகப் பெரிய பேட்டரியின் எடையையும் விலையையும் மீதி நாளெல்லாம் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

படி 2: இரவில் வண்டி எங்கே நிற்கும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மின்சார வண்டி வாங்கக் கூடாது. உங்களுக்கென்று ஒரு நிறுத்துமிடம், அதில் ஒரு மின் இணைப்பு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தெருவில் நிறுத்துகிறவரும், அடுக்குமாடியில் அனுமதிக்காகக் காத்திருக்கிறவரும் அந்த வேலையை முதலில் முடித்துவிட்டு வண்டிக்கு வரலாம்.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது, பயப்பட வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். ஒரு கிலோவாட் மணி என்பது மின்கட்டணக் கணக்கில் வரும் ஒரு யூனிட்தான். அதனால் நாமும் யூனிட் என்றே சொல்லிக்கொள்வோம். கிலோவாட் என்பது அந்த யூனிட்கள் எவ்வளவு வேகத்தில் ஏறுகின்றன என்பது. தொட்டியின் அளவு யூனிட், குழாயின் விட்டம் கிலோவாட் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

230 வோல்ட் மின்சாரம் உள்ள இடத்தில் சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் சுமார் 2.3 கிலோவாட் கிடைக்கும். சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் சார்ஜரில் சுமார் 7.4 கிலோவாட். மும்முனை இணைப்பு இருந்தால் 11 கிலோவாட், சில இடங்களில் 22 கிலோவாட் வரை. ஆனால் வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் அதை வாங்கிக்கொள்ளும் திறனோடு இருக்க வேண்டும். வண்டியில் 7.4 கிலோவாட் சார்ஜர் இருக்கும்போது சுவரில் 22 கிலோவாட் பெட்டி மாட்டிப் பயனில்லை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இதைக் கடைசிவரை கூடவே வைத்திருப்போம்.

முதல் வண்டி: பேட்டரியில் பயன்படுத்தக் கிடைப்பது 60 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் செலவழிக்கிறது.
இரண்டாம் வண்டி: 75 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட்.

வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 375 கிலோமீட்டர்தான். பிரோஷரில் சமமாகத் தெரியும் ஜோடி. இப்போது 7.4 கிலோவாட் சார்ஜரில் எட்டு மணி நேரம் போடுங்கள். வழியில் பத்து சதவீதம் போல வீணாகும். மீதி 53 யூனிட் பேட்டரிக்குள் போகும். முதல் வண்டிக்கு அது சுமார் 330 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டாவதற்கு 265தான். சாதாரண பிளக் என்றால் வீணாவது கொஞ்சம் கூடும். எட்டு மணி நேரத்தில் ஏறும் பதினைந்து, பதினாறு யூனிட்டில் முதல் வண்டி கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் ஓடும், இரண்டாவது 80கூட ஓடாது.

ரேஞ்ச் சமமாக இருந்தும் ஒரே இரவில் ஏறும் கிலோமீட்டர் இவ்வளவு மாறுகிறது. தினமும் 90 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சாதாரண பிளக் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதல் வண்டி ஒவ்வொரு நாளும் தேறிவிடும். இரண்டாவது வாரக்கடைசிக்குள் பின்தங்கிவிடும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணைப் பிரோஷரில் சின்ன எழுத்தில் போடுவார்கள், சில சமயம் போடவே மாட்டார்கள். என்னைக் கேட்டால் ரேஞ்சுக்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

படி 3: ரேஞ்ச் எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

இரண்டு வண்டிகளின் ரேஞ்சும் ஒரே முறையில் சோதிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்தின் வெப்பநிலை 23 டிகிரி. நகரத்துக்குள் ஓட்டுகிறவர் இந்த எண்ணை எட்டிப்பிடிக்கலாம், விரைவுச்சாலைக்காரர் எட்ட முடியாது. அமெரிக்காவின் இபிஏ எண் பொதுவாக இதைவிடக் குறைவாகவும், சீனாவின் சிஎல்டிசி எண் இதைவிட அதிகமாகவும் வரும். ஒரு வண்டிக்குச் சிஎல்டிசி, இன்னொன்றுக்கு டபிள்யூஎல்டிபி என்று வைத்து ஒப்பிட்டால் நல்ல வண்டியைக் கழித்துவிடுவீர்கள்.

விரைவுச்சாலையில் ரேஞ்ச் குறைவதற்குக் காரணம் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 90லிருந்து 120க்குப் போனால் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. எஸ்யூவி உயரமும் அகலமுமாக இருப்பதால் இந்தச் சுமை அதற்குக் கூடுதல். கடினமான நாளைக் கணக்கிடும்போது செலவை நான்கில் ஒரு பங்கு ஏற்றிக்கொள்வது என் வழக்கம். நம் உதாரணத்தில் 16 என்பது 20 ஆகும், 20 என்பது 25 ஆகும்.

இன்னும் மூன்று இடங்களில் ரேஞ்ச் கசியும். சக்கரத்தின் அளவு ஒன்று. அழகுக்காக ஓர் அங்குலம் பெரிய சக்கரம் எடுத்தால் ரேஞ்ச் குறையும், மேடு பள்ளமும் அதிகம் தெரியும். இரண்டாவது, நான்கு சக்கரமும் இயங்கும் வேரியண்ட். ஹூண்டாய் ஐயோனிக் 5-இன் 77.4 யூனிட் பேட்டரி வண்டிக்கு, பின்சக்கரம் மட்டும் இயங்கினால் ஐரோப்பிய எண் 507 கிலோமீட்டர். நான்கும் இயங்கினால் 481. வழுக்கும் பனியோ சேறோ உங்கள் பாதையில் இல்லையென்றால் அந்த இரண்டாவது மோட்டார் தேவையா என்று யோசியுங்கள். மூன்றாவது, குளிர். குளிர்நாட்டில் இருக்கிறவர்கள் ஹீட் பம்ப், அதாவது குறைந்த மின்சாரத்தில் உள்ளே சூடேற்றும் கருவி, இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லாத வண்டி உள்ளே சூடேற்றவே பேட்டரியை நிறையத் தின்னும். வெயில் நாட்டுக்காரருக்கு ஏசியால் அவ்வளவு பெரிய அடி விழாது.

அப்புறம் ஒரு விஷயம். பிரோஷரில் பேட்டரியின் மொத்த அளவைப் போட்டிருப்பார்கள். அதில் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்காக வண்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். பயன்படுத்தக் கிடைப்பது எவ்வளவு என்று தனியாகக் கேட்டு, இரண்டுக்கும் அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: வேக சார்ஜ், கடினமான நாளின் முடிவு இங்கேதான்

வெளியூர்ப் பயணத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரைக்கும் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்புவதுதான் நடைமுறை. எண்பதுக்கு மேல் ஏறும் வேகம் சட்டென்று குறையும். கடைசி இருபது சதவீதத்துக்காக நிற்கும் நேரத்தில் அடுத்த நிலையத்துக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

விற்பனையாளர் உச்ச வேகத்தைச் சொல்வார். "இது 230 கிலோவாட் சார், அது 90தான்" என்பார். உச்ச வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும், பிறகு படிப்படியாக இறங்கும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, பத்திலிருந்து எண்பதுக்கு எத்தனை நிமிடம் என்பதுதான். முதல் வண்டிக்கு 39 நிமிடம், இரண்டாவதற்கு 22 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இந்த எழுபது சதவீதம் முதல் வண்டியில் 42 யூனிட், இரண்டாவதில் 52.5 யூனிட். நம் விரைவுச்சாலைச் செலவில் வகுத்தால் இரண்டுக்கும் 210 கிலோமீட்டர்தான். அதே 210 கிலோமீட்டருக்கு ஒன்று 39 நிமிடம் நிற்கிறது, மற்றது 22 நிமிடம். இரண்டாம் வண்டிக்கு நல்ல வெற்றி.

இப்போது உங்கள் பாதையில் இருப்பது 50 கிலோவாட் நிலையங்கள் மட்டும்தான் என்று வையுங்கள். அங்கே எந்த வண்டியானாலும் சுமார் 48 கிலோவாட்தான் கிடைக்கும். 42 யூனிட் ஏற 52 நிமிடம் ஆகும், 52.5 யூனிட் ஏற 66 நிமிடம் ஆகும். 'வேகமான' வண்டி கிட்டத்தட்ட கால் மணி நேரம் அதிகம் நிற்கிறது!

முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், திரும்பப் போடச் சொல்வார்கள். திரும்பப் போட்டாலும் அதேதான் வரும். வண்டிகள் மாறவில்லை, வழியில் இருக்கும் நிலையம் மாறியது, முடிவு தலைகீழாகிவிட்டது. அதனால்தான் வண்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். அடிக்கடி போகும் வெளியூர்ப் பாதையை வரைபடத்தில் திறந்து, வழியிலுள்ள நிலையங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். எத்தனை கிலோவாட், எத்தனை துப்பாக்கிகள் (வண்டியில் மாட்டும் சார்ஜ் முனைகள்), சமீபத்தில் வேலை செய்ததாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று குறியுங்கள். 'ஏ பெட்டர் ரூட்பிளானர்' என்ற செயலியில் வண்டியின் மாடல், வெப்பநிலை, வேகம் எல்லாம் கொடுத்தால் எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அதுவே போட்டுத்தரும். ஒரே பாதையை இரண்டு வண்டிகளுக்கும் போட்டு, மொத்தப் பயண நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாலை நேரம் இதற்கு ஒதுக்கினால் பல வாரக் குழப்பம் தீரும்.

800 வோல்ட் என்ற சொல்லும் காதில் விழும். பெரும்பாலான மின்சார வண்டிகள் 400 வோல்ட் அமைப்பில் ஓடுகின்றன. வோல்ட் இரட்டிப்பானால் அதே கிலோவாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும். கம்பி சூடாவது குறையும், வேகமாக ஏற்ற முடியும். ஐயோனிக் 5, கியா இவி6 இரண்டும் அப்படிப்பட்டவை. 350 கிலோவாட் நிலையத்தில் பத்திலிருந்து எண்பதுக்கு 18 நிமிடம் என்று அந்த நிறுவனங்கள் சொல்கின்றன. இந்த நன்மை முழுதாகக் கிடைக்க அதற்கேற்ற நிலையம் வேண்டும். 800 வோல்ட் வண்டி எடுப்பதானால், 400 வோல்ட் நிலையத்தில் அது எத்தனை கிலோவாட் வாங்கும் என்று கேளுங்கள். இதில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு.

சார்ஜ் துளையின் வகையும் உங்கள் பகுதி நிலையங்களோடு பொருந்த வேண்டும். சிசிஎஸ்2, நாக்ஸ், சாடெமோ, ஜிபி/டி என்று வெவ்வேறு வகைகள் உலகில் புழங்குகின்றன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

படி 5: பேட்டரியின் வகை

இன்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகை. எல்எஃப்பி என்பது லித்தியம், இரும்பு, பாஸ்பேட் கலந்தது. என்எம்சி என்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்தது.

எல்எஃப்பி நெடுநாள் உழைக்கும், சூட்டைத் தாங்கும், விலை குறைவு. நூறு சதவீதம் வரை ஏற்றுவதை மற்றதைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். சீன நிறுவனமான பிஒய்டியின் பிளேடு பேட்டரி இந்த வகைதான். ஆனால் அதே எடைக்குக் கொள்ளளவு குறைவு, கடுங்குளிரில் மெதுவாக ஏறும். என்எம்சியில் அதே எடையில் அதிக யூனிட் அடைக்கலாம். பதிலுக்கு, தினசரி ஓட்டத்துக்கு எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். அப்படியென்றால் தினமும் உங்கள் கையில் இருப்பது முழு ரேஞ்ச் அல்ல, ஐந்தில் நான்கு பங்கு. எல்எஃப்பி வண்டியில் வாரம் ஒரு முறையாவது முழுதாக ஏற்றுங்கள் என்றே சில நிறுவனங்கள் சொல்கின்றன. எத்தனை சதவீதம் மிச்சம் என்று வண்டி சரியாகக் கணிக்க அது உதவும்.

வெயில் அதிகமுள்ள ஊரில், தினசரி ஓட்டமே பெரும்பாலான வேலை என்றால் நான் எல்எஃப்பி பக்கம் சாய்வேன். குளிரும் நீண்ட பயணமும் வழக்கம் என்றால் என்எம்சி.

படி 6: பின்சீட்டில் அரை மணி நேரம்

எண்களை மூடி வைத்துவிட்டு இப்போது ஷோரூமுக்குப் போங்கள். வீட்டில் உயரமானவரையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மின்சார வண்டியின் பேட்டரி தரைக்குக் கீழே படுத்திருக்கிறது. அதனால் பல வண்டிகளில் தரை உயர்ந்திருக்கும், சீட்டோ அதே உயரத்தில் இருக்கும். பின்சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடை சீட்டைத் தொடாது. முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. இருபது நிமிடம் கழித்து உட்கார்ந்திருப்பவர் நெளிய ஆரம்பிப்பார். தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில் உங்கள் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் அந்த சீட்டில் மூன்று மணி நேரப் பயணம் சிரமம். முன்சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டு, அதன் அடியில் பின்னால் இருப்பவரின் பாதம் நுழைகிறதா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் பேட்டரிக்காகவும் மின்சார சீட்டின் மோட்டாருக்காகவும் அந்த இடம் அடைபட்டிருக்கும்.

ஒரே அடித்தளத்தில் கட்டிய வண்டிகள்கூட இங்கே வேறுபடும். ஐயோனிக் 5, இவி6 இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றுதான், இரண்டும் 2021இல் வந்தவை. வெளியே நீளம் சற்றுக் கூடுதல் இவி6-க்கு. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருக்கும் தூரம் ஐயோனிக்கில் 3000 மில்லிமீட்டர், இவி6-இல் 2900. கூரையும் இவி6-இல் பின்பக்கம் சரிந்து இறங்கும். குடும்பமாக உட்காருகிறவர் ஒன்றையும், தானே ஓட்டி மகிழ்கிறவர் மற்றதையும் விரும்புவதில் ஆச்சரியமில்லை.

டிக்கியைத் திறந்து லிட்டர் கணக்கைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். வழக்கமாக எடுத்துப்போகும் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், விற்பனையாளர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் ஒட்டும் திரவம் மட்டும்தானா? பல மின்சார வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது. சார்ஜ் கம்பியை எங்கே வைப்பது? டிக்கியின் அடிப்பெட்டியில் என்றால், மேலே நாலு பெட்டி அடுக்கிய பிறகு வழியில் சார்ஜ் போட எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும். முன் பானெட்டுக்குக் கீழே இடம் இருக்கும் வண்டி இதில் பெரிய உதவி.

சார்ஜ் துளை எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வண்டியை நீங்கள் நிறுத்தும் விதத்தில் சுவர்ச் சார்ஜரின் கம்பி அந்தத் துளையை எட்ட வேண்டும். இதை வாங்கிய பிறகு யோசிக்கிறவர்கள், ஒவ்வொரு நாளும் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திக்கொண்டிருப்பார்கள்.

கதவுக் கைப்பிடி மின்சாரத்தில் இயங்கும் வகை என்றால், மின்சாரம் போனால் உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று காட்டச் சொல்லுங்கள், முக்கியமாகப் பின்கதவை. காட்டத் தெரியவில்லை என்றால் கையேட்டைத் திறந்து பார்க்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். குழந்தைகள் உட்காரும் இடம் அது.

படி 7: ஓட்டிப் பார்ப்பது

இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே பாதையில், அதே ஆட்களோடு ஓட்டுங்கள். ஷோரூமைச் சுற்றி வரும் பத்து நிமிட ஓட்டத்தில் எல்லா மின்சார வண்டியும் அமைதியாகவும் பாய்ச்சலாகவும்தான் இருக்கும். ஒரு மணி நேரம் கேளுங்கள். கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, முடித்ததும் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கால் பட்ட எண் அது. பிரோஷர் எண்ணைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இந்தப் பிடிப்பைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறதா, நீங்கள் வைத்த அளவு மறுநாளும் அப்படியே நிற்குமா என்று பாருங்கள். பிடிப்பு அதிகமாக இருந்தால் ஓட்டுகிறவருக்குச் சுகம், பின்னால் இருப்பவருக்குக் குமட்டலாம். பின்சீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

வேகத்தடையில் ஆள் நிறைந்த வண்டியின் அடிப்பாகம் தட்டுகிறதா? அங்கே இருப்பது பேட்டரி, கவனம் தேவை. எஞ்சின் சத்தம் இல்லாததால் டயரின் இரைச்சலும் காற்றின் சத்தமும் தெளிவாகக் கேட்கும். நல்ல வேகத்தில் பின்சீட்டோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி துடைப்பான், ஏசி, ஹெட்லைட் இவற்றை ஓட்டும்போது சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாற்ற முடியாத வண்டியை நான் எடுக்க மாட்டேன். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

முடிந்தால் டெஸ்ட் டிரைவின் நடுவே ஒரு வேக சார்ஜ் நிலையத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் சார்ஜ் போடுங்கள். செயலியைத் திறப்பது, பணம் கட்டுவது, அந்தக் கனமான கம்பியைத் தூக்கி மாட்டுவது, திரையில் கிலோவாட் எண் ஏறுவது எல்லாவற்றையும் ஒருமுறை கையால் செய்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

படி 8: காகிதங்கள்

பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவது வழக்கமான நிபந்தனை. இந்த 70 என்ற எண் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழுதுக்கு மட்டும் வாரண்டி தந்து, கொள்ளளவு குறைவதைப் பற்றிப் பேசாத தாளும் உண்டு. வண்டியை விற்றால் அடுத்தவருக்கு வாரண்டி போகுமா என்பதையும் கேளுங்கள், மறுவிற்பனையில் இது பெரிய விஷயம்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், அங்கே மின்சார வண்டிக்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மின்சார வண்டியில் எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் டயர், பிரேக் திரவம், குளிர்விப்புத் திரவம் எல்லாம் உண்டு. கனமான வண்டி, உடனடி இழுவை என்பதால் டயர் சீக்கிரம் தேயும். இரண்டு வண்டிகளின் டயர் விலையையும் ஒப்பிடுங்கள், பெரிய சக்கரத்தின் டயர் விலை சிலரைத் திடுக்கிட வைத்திருக்கிறது. சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று உள்ளே இருக்கிறது. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அந்தச் சின்னது செத்தால் வண்டி கிளம்பாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் தொகையை இரண்டு வண்டிகளுக்கும் முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். விபத்துச் சோதனையில் எத்தனை நட்சத்திரம், எந்த ஆண்டுச் சோதனை என்றும் பாருங்கள். சோதனை விதிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாகிக்கொண்டே வருகின்றன. பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

படி 9: ஒரு தாளில் எழுதி முடியுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இரண்டு வண்டிகளுக்கும் இந்த விவரங்களை எழுதுங்கள். பயன்படுத்தக் கிடைக்கும் யூனிட், நீங்களே ஓட்டி எடுத்த யூனிட் செலவு, ஒரு இரவில் ஏறும் கிலோமீட்டர், உங்கள் வெளியூர்ப் பாதையின் மொத்த நேரம், வாரண்டி நிபந்தனை, சர்வீஸ் சென்டரின் தூரம், பின்சீட்டில் உட்கார்ந்தவர் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். அப்படிச் செய்தால் திரையின் அளவும் பேட்டரி வாரண்டியும் ஒரே எடையாகிவிடும். எந்த வரியில் ஒரு வண்டி உங்களுக்கு ஒத்தே வராது என்று முதலில் பாருங்கள். இரவில் ஏறும் கிலோமீட்டர் தினசரி ஓட்டத்துக்குப் போதவில்லை என்றால் மற்ற வரிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். பெரும்பாலும் இங்கேயே முடிவு வந்துவிடும்.

அப்போதும் இரண்டும் சமமாக நின்றால், நூறு கிலோமீட்டருக்கு யூனிட் செலவு குறைந்த வண்டியை எடுங்கள். அதுவும் சமம் என்றால் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருப்பதை. முன்பணம் கட்டுவதற்கு முன் அதே வண்டி, அதே வேரியண்ட், அதே சக்கர அளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவர்ச் சார்ஜருக்கு விண்ணப்பத்தை அன்றே போட்டுவிடுங்கள். வண்டி வந்து நிற்கும்போது அதுவும் தயாராக இருக்க வேண்டும்.